பாலை மணலில் இசைவிழா

நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழ்ச் சான்றோர், பாலைக்கு உரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்தனர். நீரும் நிழலும் அற்ற வழியைக் கடந்து செல்வோரும், அவர் மீண்டு வரும் நாளை எண்ணி ஏங்கி நிற்போரும் பாலைப் பாட்டின் மாந்தர் ஆயினர். ஆயின், உலகின் மிகப் பெரிய வெப்பப் பாலையாகிய சகாராவிலே, பிரிந்தவர் கூடுவதற்கென்றே ஒரு விழா எழுந்தது. ஒருவரை ஒருவர் சுட்டு வீழ்த்திய கூட்டத்தார், ஒரே மணற்குன்றின்மீது அருகருகே அமர்ந்து பாட்டுக் கேட்ட விழா அது. ஆப்பிரிக்க இசையை உலகோர் செவிக்குக் கொண்டு சேர்த்த விழாக்களுள் அதற்குத் தனியிடம் உண்டு. பாலைவன விழா என்பதே அதன் பெயர். அது பிறந்த வகையும், வளர்ந்த வகையும், தான் பிறந்த நிலத்தையே இழந்த வகையும் யாவரும் அறியத் தக்கன.

மேற்கு ஆப்பிரிக்காவில், கடலைக் காணாது நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டுக் கிடக்கும் நாடு மாலி. நெடுங்காலம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்நாடு, 1960ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் விடுதலை பெற்றது. அதன் தென்பகுதியில் வயலும் மரமும் உண்டு. வடபகுதி முழுதும் சகாராப் பாலையே. இவ்விரு பகுதிகளையும் இணைப்பது நைஜர் என்னும் பேராறு. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி ஓடிவரும் அவ்வாறு, பாலையின் விளிம்பைத் தொட்டவுடன் வில்லைப்போல் வளைந்து, மீண்டும் தெற்கு நோக்கித் திரும்புகின்றது. அந்த வளைவின் அருகே அமைந்த பழம்பெரும் நகரமே திம்புக்டு.

திம்புக்டு, ஓடமும் ஒட்டகமும் சந்திக்கும் துறையாக விளங்கியது. வடக்கே பாலைச் சுரங்கங்களில் வெட்டிய உப்புப் பாளங்களை ஒட்டகங்கள் சுமந்து வந்தன. தெற்கேயிருந்து பொன்னும் தானியமும் ஓடங்களில் வந்து இறங்கின. பண்டம் வந்த வழியே கல்வியும் வந்தது. கற்றோர் பலர் அங்கே வாழ்ந்தனர். கையெழுத்துச் சுவடிகள் பல்லாயிரம் அந்நகர வீடுகளில் குவிந்தன. ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் 1988ஆம் ஆண்டில் திம்புக்டுவை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

அந்நகரைச் சூழ்ந்த நாட்டில் பல இனத்தார் வாழ்கின்றனர். ஆற்றங்கரையில் உழவும் மீன்பிடியும் செய்வோர் உளர். மாடு மேய்ப்போர் உளர். வாணிகம் செய்யும் அராபியரும் உளர். பாலையின் உட்பகுதியில் ஒட்டகமும் ஆடும் மேய்த்துத் திரிபவர் துவாரெக்கு இனத்தார். தமாசெக்கு என்பது அவர்தம் மொழி. அம்மொழியை எழுதுவதற்குத் தொன்மையான தனி எழுத்தும் அவரிடம் உண்டு. அவ்வினத்தில் முகத்தை மறைத்துத் துணி அணிபவர் பெண்டிர் அல்லர், ஆடவரே. அவுரிச் சாயம் தோய்ந்த அந்நீலத் துணியைக் கண்டு, அயலார் அவர்களை நீல மாந்தர் என்றனர்.

துவாரெக்கு மக்களிடையே இசையைப் பேணி வளர்த்தவர் பெண்டிர். இம்சாது என்னும் ஒற்றை நரம்புக் கருவியை மீட்டுபவர் பெண்டிரே. சுரைக்குடுக்கையின்மீது தோலைப் போர்த்து, குதிரைமயிரால் நரம்பு கட்டி, வில்லால் இழைத்து வாசிப்பர். தானியம் இடிக்கும் உரலின் வாயில் ஈரத்தோலை இறுக்கிக் கட்டிவிட்டால், அதுவே திந்தே என்னும் முழவாகிவிடும். பகலில் உணவு தந்த உரல், இரவில் இசை தந்தது. பாலை வாழ்வில் பொருள் குறைவு. ஆதலின், ஒரு பொருளே பல பணி செய்யக் கற்றுக்கொண்டது!

மேய்ச்சல் நிலம் தேடி மூலைக்கொருவராகப் பிரிந்து திரியும் இம்மக்கள், ஆண்டிற்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுவது வழக்கம். கிதால் பகுதியினர் அக்கூட்டத்தைத் தகூபெல்த்து என்றனர். திம்புக்டுப் பகுதியினர் தெமக்கன்னித்து என்றனர். அக்கூட்டத்தில் ஒட்டகப் பந்தயம் நடைபெறும், வாளேந்தி ஆடுவர், புலவர் பாடுவர். விளையாட்டோடு வினையும் கலந்திருக்கும். கிணற்று உரிமை பற்றிய வழக்கும், காணாமற்போன கால்நடை பற்றிய வழக்கும் பெரியோர் முன் வைக்கப்படும். பாட்டும் பஞ்சாயத்தும் ஒரே கூடாரத்தின் நிழலில் நிகழ்ந்தன. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விழாவிற்கு விதை இதுவே.

ஆயினும், விதைக்கும் விளைவுக்கும் இடையே துன்பமிக்க காலம் ஒன்று கிடந்தது. ஐரோப்பியர் வகுத்த எல்லைக்கோடுகள் துவாரெக்கு மக்களை மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா முதலிய நாடுகளுக்கிடையே கூறுபடுத்தின. 1963ஆம் ஆண்டில் மாலி அரசை எதிர்த்து அவருள் ஒரு சாரார் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதன்பின், 1970களிலும் 1980களிலும் வானம் பொய்த்தது. மந்தைகள் மடிந்தன. மந்தையை இழந்த இளைஞர் பிழைப்புத் தேடி அல்ஜீரியாவிற்கும் லிபியாவிற்கும் சென்றனர்.

அவ்வாறு சென்றோருள் ஒருவர் இப்ராகிம் அக் அல்ஹபீப். 1963ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தந்தை கொல்லப்பட்டதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். திரைப்படம் ஒன்றில் ஒரு வீரன் கிட்டார் வாசிப்பதைக் கண்ட அச்சிறுவன், தானும் அதுபோல் ஒன்று வேண்டும் என விரும்பினான். வாங்கப் பொருள் இல்லை. தகரக் குப்பி ஒன்றையும், கோல் ஒன்றையும், மிதிவண்டியின் தடைக்கம்பியையும் கொண்டு தானே ஒரு கருவி செய்துகொண்டான். வளர்ந்தபின், நாடிழந்து திரிந்த தோழரோடு சேர்ந்து அவர் அமைத்த இசைக்குழுவே தினாரிவென். அப்பெயருக்குப் பாலைவனங்கள் என்பது பொருள். தாயகத்தை எண்ணி வருந்தும் அவர்தம் பாட்டு ஒலிநாடாக்களில் பதிவாயிற்று. ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவிற்குப் பெயர்க்கப்பட்டுக் கைம்மாறிக் கைம்மாறிப் பாலை முழுதும் பரவிற்று.

1990ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டது. பாட்டெழுதிய கைகள் துப்பாக்கியும் ஏந்தின. 1992ஆம் ஆண்டில் அரசும் கிளர்ச்சியாளரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். எனினும் பூசல் உடனே ஓயவில்லை. அண்டை வீட்டாராக வாழ்ந்த இனத்தார் ஒருவரை ஒருவர் ஐயுற்றனர். பல்லாயிரவர் அயல்நாடுகளில் அகதிகளாகக் கிடந்தனர். இறுதியில் இரு திறத்தாரும் ஊர்தோறும் பேசி இணங்கினர். 1996ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், திம்புக்டு நகரில் ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகள் குவிக்கப்பட்டு, மக்கள் முன்னிலையில் தீயிடப்பட்டன. அமைதிச் சுடர் எனப் பெயர் பெற்றது அத்தீ. எரிந்து உருகிய துப்பாக்கிகளை உள்ளடக்கி அவ்விடத்திலேயே ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினர்.

துப்பாக்கியை எரித்துவிடுதல் எளிது. அதனை ஏந்திய உள்ளங்களை இணைப்பதோ அரிது. அதற்கு வழி யாது? பழைய கூட்டங்களை மீண்டும் கூட்டுதலே வழி எனக் கண்டவருள் ஒருவர், திம்புக்டுப் பகுதித் துவாரெக்கு மரபினராகிய மானி அன்சார். முன்பு துவாரெக்கு மக்களுக்கு மட்டும் உரியதாயிருந்த கூட்டத்தை, மாலி நாட்டார் அனைவர்க்கும், பின் உலகத்தார் அனைவர்க்கும் திறந்து வைக்க அவரும் அவர்தம் தோழரும் எண்ணினர். அவ்வமயம் பிரான்சு நாட்டு இசைக்குழுவாகிய லோஜோ, தினாரிவென் குழுவினரோடு நட்புக் கொண்டிருந்தது. அக்குழுவும் இம்முயற்சிக்குத் துணை நின்றது.

2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தின் எஸ்ஸாக்கோ என்னும் இடத்தில் முதல் விழா நடைபெற்றது. மறு ஆண்டு அது தெஸ்ஸலித்து என்னும் ஊரில் கூடிற்று. இவ்விரண்டு இடங்களும் எளிதில் சென்று சேரத்தக்கன அல்ல. 2003ஆம் ஆண்டில் விழா எஸ்ஸக்கான் என்னும் இடத்திற்கு மாறிற்று. திம்புக்டுவிற்கு மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், வெண்மணற் குன்றுகளிடையே அமைந்த இடம் அது. திரிந்து வாழும் மக்களின் விழா, ஏழாண்டுகள் அங்கேயே தங்கி வளர்ந்தது.

எஸ்ஸக்கானில் விழாக் காட்சி கண்டார் நெஞ்சை விட்டு அகலாதது. விழா மூன்று நாள் நடைபெறும். கதிரவன் எழும்போது, நாற்றிசையிலிருந்தும் ஒட்டகங்கள் வரிசையாக வந்து சேரும். அயல்நாட்டார், மணலில் உருளும் வலிய ஊர்திகளில், உடலெல்லாம் புழுதி படிய வந்து இறங்குவர். பகலில் பந்தயமும் வாளாட்டமும் நிகழும். பெண்டிர் திந்தே முழவைச் சூழ்ந்தமர்ந்து கைகொட்டிப் பாடுவர். ஆடவர் ஒட்டகங்களின்மீது அமர்ந்தவாறே அவர்களை வலம் வருவர். கொல்லர் வெள்ளி அணிகளையும், தோல்வினைஞர் பைகளையும் பரப்பி விற்பர். பெரியோர் கூடாரங்களில் அமர்ந்து, பள்ளியைப் பற்றியும் நீரைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் பேசுவர். இருள் சூழ்ந்தபின், மின்னாக்கப் பொறி முழங்க, மேடையில் விளக்குகள் எரியும். சனவரித் திங்களின் குளிரில் போர்வை போர்த்து, மணற்சரிவையே இருக்கையாகக் கொண்டு, நள்ளிரவு கடந்தும் மக்கள் பாட்டுக் கேட்பர். அங்கே விண்மீன்களே மேற்கூரை.

2003ஆம் ஆண்டு விழாவில் கூடியோர் பட்டியலே அதன் வளர்ச்சியைக் காட்டும். நைஜர் ஆற்றங்கரையில் நியாபுங்கே ஊரைச் சேர்ந்தவரும், கிட்டார் வல்லுநருமாகிய அலி பார்க்கா தூரே வந்தார். மாலியின் தென்பகுதி மரபிசையைப் பாடும் ஊமு சங்காரே அம்மையார் வந்தார். அகதி முகாம்களின் துன்பத்தினிடையே ஒன்றுகூடிய பெண்டிரைக் கொண்ட தர்த்தித்துக் குழுவும் பாடிற்று. அப்பெயருக்கு ஒற்றுமை என்பது பொருள். இங்கிலாந்து நாட்டுப் பெரும் பாடகர் இராபர்ட்டு பிளாண்டு வந்தார். அமெரிக்கத் தொல்குடியாகிய நவாகோ இனத்து உடன்பிறந்தார் மூவரின் குழுவும் வந்தது. அவ்விழாவின் பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவந்து பல நாடுகளில் பரவின. வரைபடத்திலும் காணற்கரிய ஒரு மணல்வெளியின் பெயர், உலக இசையறிஞர் வாயில் வழங்கலாயிற்று.

இவ்வளர்ச்சியால் விளைந்த பயன் இருவகைத்து. துவாரெக்கு இசைவாணர் உலக மேடைகளில் ஏறினர். தினாரிவென் குழுவின் இசைத்தட்டு ஒன்று 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிராமி விருதையும் பெற்றது. இது வெளியே விளைந்த பயன். உள்ளே விளைந்த பயன் அதனினும் பெரிது. ஆற்றங்கரையினரும் பாலையினரும், வடபுலத்தாரும் தென்புலத்தாரும், ஒருவர் பாட்டிற்கு மற்றவர் தாளமிட்டனர். திம்புக்டு வட்டாரப் பாடகியாகிய கைரா அர்பி அம்மையார் ஒரே மேடையில் பல மொழிகளில் பாடினார். ஒவ்வோர் இனத்தாரும் அவரைத் தம்மவர் எனக் கொண்டாடினர்.

எனினும், பாலையில் வேறொரு புயல் திரண்டுகொண்டிருந்தது. படைக்கலம் தாங்கிய கூட்டங்கள் சகாராவில் பதுங்கி, அயல்நாட்டுப் பயணிகளைக் கடத்திச் சென்று பொருள் பறிக்கலாயின. ஆதலின், 2010ஆம் ஆண்டில் விழா எஸ்ஸக்கானை விட்டுத் திம்புக்டு நகரின் எல்லைக்கு வந்தது. அங்கும் அச்சம் தொடர்ந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அந்நகரிலேயே அயல்நாட்டார் மூவர் கடத்தப்பட்டனர், ஒருவர் கொல்லப்பட்டார். விழாவைக் கைவிடுமாறு பலர் அறிவுறுத்தினர். கைவிட்டால் அச்சம் வென்றதாகும் என எண்ணிய அமைப்பாளர், 2012ஆம் ஆண்டு சனவரித் திங்களில் படைவீரர் காவலோடு விழாவை நடத்தினர். அயர்லாந்து நாட்டுப் பாடகர் போனோவும் அவ்வாண்டு வந்து தினாரிவென் குழுவினரோடு மேடையில் நின்றார். அவ்விழா முடிந்து சில நாட்களே சென்றன. சனவரி 17ஆம் நாள் வடமாலியில் போர் வெடித்தது.

மார்ச்சுத் திங்களில் தலைநகர் பமாக்கோவில் படையினர் ஆட்சியைக் கவிழ்த்தனர். ஏப்ரல் முதல் நாள் திம்புக்டு வீழ்ந்தது. தனிநாடு வேண்டிய துவாரெக்குப் படையினரை ஒதுக்கிவிட்டு, சமயத்தின் பெயரால் கடுஞ்சட்டம் விதித்த கூட்டத்தார் நகரங்களைக் கைக்கொண்டனர். இசுலாமிய அறிஞர் பலரைப் பெற்று, பல நூற்றாண்டுகள் அச்சமயத்தைப் போற்றி வந்த நகரம் திம்புக்டு. அங்கே பெரியோர் அடக்கமான கல்லறைகளையே அவர்கள் இடித்தனர். பாட்டு விலக்கப்பட்டது. வானொலியில் இசை நின்றது. இசைவாணர் இல்லங்களினின்றும் கருவிகள் வெளியே இழுத்து எரிக்கப்பட்டன. 1996இல் அந்நாட்டார் துப்பாக்கியை எரித்தனர். 2012இல் துப்பாக்கி ஏந்தியோர் கிட்டாரை எரித்தனர். பதினாறு ஆண்டுகளில் அந்நாடு கண்ட இரண்டு தீக்களும் அதன் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுகின்றன.

இதில் நெஞ்சைச் சுடும் செய்தி மற்றொன்றும் உண்டு. இசையை விலக்கிய கூட்டங்களுள் ஒன்றின் தலைவர் இயாத் அக் காலி. 1990ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய அவர், ஒரு காலத்தில் தினாரிவென் இசைவாணரோடு நெருங்கிப் பழகி, அவர்தம் பாட்டில் ஈடுபாடு கொண்டிருந்தவர். பாட்டின் ஆற்றலை அறியாதவர் அதனைத் தடுத்தார் என்பதற்கில்லை. அறிந்தவரே தடுத்தார்.

இசைவாணர் ஊரை விட்டு வெளியேறினர். கைரா அர்பி அம்மையார் பமாக்கோ சென்று தங்கினார். வடபுலத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்த இளைஞர் சிலர், சொங்காய் புளூசு என்னும் குழுவை அமைத்து, ஊரிழந்த துயரைத் துள்ளலிசையாக மாற்றிப் பாடினர். விழாவும் ஊரிழந்தது. நிலையான இடம் இல்லையாயின் நடந்துகொண்டே விழா நடத்துவோம் எனத் துணிந்தார் அன்சார். நைஜர் ஆற்றங்கரையில் சேகு நகரில் நடைபெற்றுவந்த ஆற்று விழாவும், மொரோக்கோ நாட்டின் தெற்கெல்லையில் நடைபெற்றுவந்த தரகால்த்து விழாவும் கைகோத்தன. மூன்றும் சேர்ந்து 2013ஆம் ஆண்டில் அமைதிக்கான பண்பாட்டு வணிகச்சாத்து ஒன்றைத் தொடங்கின. முன்னாளில் உப்பைச் சுமந்து சென்றது சாத்து. இந்நாளில் பாட்டைச் சுமந்து சென்றது.

2013ஆம் ஆண்டு சனவரி இறுதியில் பிரெஞ்சுப் படையும் மாலிப் படையும் திம்புக்டுவை மீட்டன. தெருக்களில் மீண்டும் பாட்டொலி கேட்டது. 2015ஆம் ஆண்டில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எனினும் அமைதி வேரூன்றவில்லை. 2017ஆம் ஆண்டு சனவரியில் திம்புக்டுவில் பாலைவன விழாவை மீண்டும் நடத்த ஏற்பாடு நடந்தது. பாதுகாப்பு இன்மையால் அஃது இறுதியில் நிறுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு சனவரியில் அவ்வுடன்படிக்கை முடிந்துவிட்டது என மாலி அரசே அறிவித்தது. எஸ்ஸக்கானின் வெண்மணலில் பன்னாட்டார் கூடிப் பாடிய அந்நாட்கள் மீளவில்லை.

அங்ஙனமாயின் அவ்விழா தோற்றதோ? பாட்டால் போரைத் தடுக்க இயலவில்லை என்பது உண்மையே. பஞ்சத்தையும் வறுமையையும் எல்லைப் பூசலையும் பாட்டு மட்டும் தீர்த்துவிடாது; அவற்றைத் தீர்க்கக் கடமைப்பட்டோர் வேறு பலர். ஆனால், கூடி வாழ்தல் இயலும் என்பதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்விழா கண்முன் காட்டிற்று. ஒருமுறை கண்டதனை இல்லை என மறுத்தல் யார்க்கும் அரிது. பகையை வளர்க்க விரும்பியோர் முதலில் தேடி எரித்தது படைக்கலத்தை அன்று. உரலின்மேல் கட்டிய முழவையும், கோலின்மேல் கட்டிய நரம்பையும் ஒத்த எளிய கருவிகளையே. மக்களை ஒன்றுசேர்க்கும் பொருள் எது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பாலைக்கு உரியது பிரிவு என்றனர் பெரியோர். பாலைவன விழாவின் இசைவாணர் இன்று அப்பிரிவையே பாடுகின்றனர். ஆயின், பிரிவைப் பாடுவோர் உள்ளத்தில் என்றும் நிற்பது கூடும் நாள் பற்றிய நினைவே. தகரக் குப்பியிலிருந்து நரம்பிசையை எழுப்பிய மக்கள், அந்நாளையும் எழுப்புவர் என நம்புதற்கு இடமுண்டு.